ஒரு வாய் கோழி ஸ்டூ

எட்டு மாதம் நாங்கள் அந்த வீட்டில் திருடர்களைப் போலச் சாப்பிட்டோம். அக்கா கீழ்வீட்டு அடுப்பைப் பற்ற வைப்பதையே விட்டுவிட்டாள். மாடியில் இருக்கும் என் ஒற்றை அறையில் சமைத்து, அங்கேயே அவளும் அவள் மகளும் நானும் கதவைச் சாத்திக்கொண்டு சாப்பிடுவோம். வாயைக் கொப்பளித்து, சோப்புப் போட்டுக் கை கழுவி, ஒருவர் மேல் ஒருவர் வாசனை பார்த்துவிட்டுத்தான் கீழே இறங்குவோம். கீழே அத்தான் இருந்தார். அவரால் விழுங்க முடியாது.

அத்தான் தரைக்கு டைல்ஸ் பதிக்கிறவர். அந்த வேலையில் ரசமட்டம் என்று ஒரு கட்டை உண்டு. நடுவில் சின்னக் கண்ணாடிக் குழாய், அதற்குள் ஒரு குமிழி. தரை சமமாக இருந்தால் குமிழி இரண்டு கோடுகளுக்கு நடுவே நிற்கும். அத்தான் அந்தக் கட்டையைப் பிள்ளையைப் போலத் தோளில் சாய்த்துக்கொண்டுதான் வேலைக்குப் போவார். விருந்துக்குப் போன இடத்தில் மேசை லேசாக ஆடினாலும் சாப்பிட உட்காரமாட்டார். மண்டியிட்டு, காலுக்குக் கீழே அட்டையை மடித்துச் செருகிய பிறகுதான் தட்டைத் தொடுவார். கட்டட வேலைக்காரர்கள் அவருக்கு வைத்த பெயர் 'மட்டம்'. "இந்த ஊர்லயே என்னை விட மட்டமான ஆள் கிடையாது" என்று அவரே எல்லோரிடமும் பெருமையாகச் சொல்வார். அக்காவை முதன்முதலில் பார்த்தபோதும் இதைத்தான் சொன்னாராம். அக்கா பயந்தே போய்விட்டாளாம்.

நன்றாகச் சாப்பிடுகிற மனிதர். மூன்று ஆள் சாப்பாட்டை ஒரே ஆளாக, அவசரமே இல்லாமல் சாப்பிடுவார். அவர் சாப்பிடுவதைப் பார்த்தால் வயிறு நிறைந்தவனுக்கும் மறுபடி பசிக்கும்.

அந்த மனிதருக்குத்தான் அது வந்தது. ஒரு புதுக் கட்டடத்தின் இரண்டாவது மாடி. காலை பதினொரு மணிக்குத் தேநீர் வந்தது. அத்தான் ஒரு வாய் குடித்தார். தேநீர் மூக்கு வழியாக வெளியே வந்தது. புரையேறிவிட்டது என்று கூட இருந்தவர்கள் சிரித்துக்கொண்டே உச்சந்தலையில் தட்டினார்கள். அவர் நிமிர்ந்து பார்த்தபோது, சற்று முன்பு தானே பதித்த தரை, ஒரு பக்கமாகச் சரிந்து கிடந்தது. சுவர்கள் சரிந்திருந்தன. ஜன்னல் சரிந்திருந்தது.

அத்தான் தவழ்ந்து போய் ரசமட்டத்தை எடுத்துத் தரையில் வைத்தார். குமிழி நடுவில் நின்றது. கருவியே பொய் சொல்கிறதோ என்று கட்டையை இந்த முனை அந்த முனையாகத் திருப்பிப் போட்டுப் பார்த்தார். அப்போதும் நடுவில்தான் நின்றது. கண் ஒன்று சொல்கிறது, குமிழி ஒன்று சொல்கிறது. நானாக இருந்தால் கண்ணைத்தான் நம்பியிருப்பேன். அவர் குமிழியை நம்பினார்.

"தரை சரியாத்தான் இருக்கு," என்றாராம், அதற்குள் கிழிந்துபோயிருந்த குரலில். "நான்தான் சாஞ்சிருக்கேன். உடனே என்னை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க."

மூளையின் அடித்தண்டில் கடுகளவு இடத்துக்கு ரத்தம் போகவில்லை என்றார் டாக்டர். "மயக்கம்னு நெனச்சு வீட்ல போய்ப் படுத்திருந்தா கதையே வேற. இவரை யார் அவ்வளவு சீக்கிரம் கூட்டிட்டு வந்தது?" என்று கேட்டார். கூட வந்த சிமெண்ட் கலக்குகிறவர், "அவரேதாங்க அவரைக் கூட்டிட்டு வந்தாரு" என்று பதில் சொன்னார்.

உயிர் தப்பியது. புத்தி, ஞாபகம், கை, கால் எல்லாம் இருந்தன. ஆனால் நடந்தால் வலப்பக்கம் இழுத்தது. இடது கைக்குச் சூடு தெரியாது, தொட்டால் தொட்டது மட்டும் தெரியும். குரல் காகிதம் கிழிவது போல வந்தது. இவை எல்லாவற்றையும் விடப் பெரிய இழப்பு, விழுங்குவது நின்றுபோனது. சோறோ ரொட்டியோ விடுங்கள், தன் வாயில் ஊறும் எச்சிலைக்கூட அவரால் விழுங்க முடியவில்லை. வயிற்றில் ஒரு குழாய் வைத்து, அதன் வழியே ஆஸ்பத்திரியில் சொன்ன சத்து மாவுக் கரைசலை ஊற்றினோம். எச்சிலைத் துப்புவதற்கு ஒரு எவர்சில்வர் டம்ளர் எந்நேரமும் கையில் இருக்கும். அக்கா அதை நாளைக்கு எட்டு, பத்து முறை கழுவுவாள்.

விழுங்குவதற்குப் பயிற்சி கொடுக்க வாரம் இருமுறை ஒரு அம்மா வந்தார். அவரிடம் ஒருநாள் நான் கேட்டேன், "ஒரு வாய்த் தண்ணி உள்ள போறதுக்கு இவ்வளவு பயிற்சியா மேடம்?" அவர் கோபித்துக்கொள்ளவில்லை. உட்கார வைத்துச் சொன்னார். நாக்கு பின்னால் தள்ள வேண்டும். மூக்குக்குப் போகும் வழி மூட வேண்டும். குரல்வளை மேலே எழும்ப வேண்டும். மூச்சுக்குழாயின் மூடி சாய வேண்டும். மூச்சு நிற்க வேண்டும். உணவுக்குழாயின் வாய் திறக்க வேண்டும். கிட்டத்தட்ட முப்பது தசைகள், ஒன்றன்பின் ஒன்றாக, ஏறக்குறைய ஒரே நொடிக்குள். ஒன்று பிந்தினாலும் சாப்பாடு நுரையீரலுக்குப் போய்விடும்.

நான் தையல் மிஷின் பழுது பார்க்கிறவன். ஊசி கீழே இறங்கி மயிரிழை அளவு மேலே எழும்பும் அந்தக் கணத்தில் கொக்கி வந்து நூலைப் பிடிக்க வேண்டும். முந்தினாலும் பிந்தினாலும் தையல் விழாது. இந்த இரண்டே இரண்டு பாகத்தை ஒத்துப்போக வைக்க நான் சில நாள் அரைநாள் மல்லாடுவேன். முப்பது பாகமா! அதுவும் யாரும் ஸ்க்ரூ திருகாமல், எண்ணெய் போடாமல், பிறந்த நாளிலிருந்து. அன்று பஸ்ஸில் போகும்போது நான் எத்தனை முறை விழுங்குகிறேன் என்று எண்ணிப் பார்த்தேன். எண்ண ஆரம்பித்ததும் விழுங்கவே வரவில்லை. பயந்துபோய் எண்ணுவதை விட்டுவிட்டேன்.

அத்தான் பயிற்சியைத் தவறவிடவில்லை. நாக்கைப் பல்லுக்கிடையே பிடித்துக்கொண்டு விழுங்க முயல்வார். தலையைத் தூக்கி, பிடித்து, இறக்குவார். நாளைக்கு நூறு முறை. நான்காவது மாதம் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே வைத்துப் பார்த்தார்கள். ஒன்றும் மாறவில்லை. அவர் வீடு திரும்பிய நாளிலேயே அக்கா கீழே அடுப்பைப் பற்ற வைப்பதை நிறுத்தியிருந்தாள். "வாசனை காட்டி அவரை வதைக்க என்னால முடியாதுடா" என்றாள்.

அவர் ஏமாறவில்லை என்பது எங்களுக்கு எட்டாவது மாதம்தான் தெரிந்தது. ஒரு சனிக்கிழமை மத்தியானம் மூவரும் மாடியிலிருந்து வரிசையாக இறங்கி வந்தோம். அத்தான் நாற்காலியில் உட்கார்ந்து எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன, வீடே உண்ணாவிரதமா? கோரிக்கை என்னன்னு சொன்னா நானும் பேசி முடிச்சு வைப்பேன்ல?"

"பசியே இல்லைங்க, அப்புறமா..." என்று அக்கா ஆரம்பித்தாள்.

"உன் மக முகவாயில குழம்பு ஒட்டியிருக்கு."

பதினைந்து வயதுப் பெண் அவசரமாக முகவாயைத் துடைத்தாள். அங்கே ஒன்றுமே இல்லை. அப்பா போட்ட தூண்டிலில் மாட்டிக்கொண்டது அவளுக்கு அப்புறம்தான் புரிந்தது. சிரிக்கப் போய் அழுதுவிட்டாள்.

"இங்க வா, அழாத," என்றார் அத்தான். டம்ளரில் துப்பிவிட்டுத் தொடர்ந்தார். "நான் சாப்பிடலன்னா இந்த வீட்ல சாப்பாட்டு வாசனையும் செத்துப் போகணுமா? எனக்கு மூக்கு நல்லாத்தானே இருக்கு. அதையும் ஏன் பட்டினி போடுறீங்க? மாப்ள, நாளைக்கு ஞாயித்துக்கிழமை. ஒரு கோழி வாங்கிட்டு வா. நான் சமைக்கிறேன்."

"நீங்களா? உங்களுக்கு வெந்நீர் வைக்கவே தெரியாதேங்க," என்றாள் அக்கா.

"வாய்க்குத்தானே வேலை போச்சு. கைக்கு இன்னும் இருக்குல்ல? நீ வைப்பியே, ஒரே பாத்திரத்துல, அந்த ஸ்டூ. வாசப்படியில நின்னு சொல்லு. நான் செய்றேன்."

யாருக்காவது காய்ச்சல் வந்தால், நனைந்துவிட்டு வந்தால், வெளியே யாரிடமாவது பேச்சு வாங்கிக்கொண்டு வந்தால் அக்கா அதைத்தான் வைப்பாள். அடி கனத்த ஒரே குண்டானில் கோழி, வெங்காயம், பூண்டு, உருளைக்கிழங்கு, கேரட், மிளகு. அவ்வளவுதான்.

மறுநாள் காலை அத்தான் அடுக்களையில் உயரமான ஸ்டூலில் உட்கார்ந்தார். சாய்ந்துவிடாமல் இருக்க வலது தோளைச் சுவரோடு ஒட்டி வைத்துக்கொண்டார். கேரட்டை நறுக்க ஆரம்பித்ததும் என்னால் கண்ணை எடுக்க முடியவில்லை. ஒரு துண்டை வெட்டி, அதையே அளவாக வைத்து அடுத்ததை வெட்டினார். எல்லாத் துண்டும் அச்சில் வார்த்தது போல ஒரே உயரம், ஒரே அகலம்.

"சமைக்கிறீங்களா, தரை போடுறீங்களா?" என்றாள் அக்கா.

"ஒண்ணு பெருசு ஒண்ணு சிறுசுன்னா ஒண்ணு கரையும், ஒண்ணு வேகாது. தரையிலயும் இதே கதைதான்."

அடுப்பைப் பற்ற வைத்ததும் அக்கா ஒரு தடித்த கம்பளிக் காலுறையைக் கொண்டு வந்து அவருடைய இடது கையில் மாட்டினாள். சூடு தெரியாத கை, குண்டானைப் பிடித்துவிட்டால்? பார்ப்பதற்குக் குத்துச்சண்டைக்குக் கிளம்பியவர் மாதிரி இருந்தார். எண்ணெய் காய்ந்ததும் கோழித் துண்டுகளைத் தோல் கீழே இருக்கும்படி அடுக்கினார். 'சொய்' என்று எழுந்த சத்தமும் வாசனையும் எட்டு மாதத்துக்குப் பிறகு அந்தக் கீழ்வீட்டில் சுவருக்குச் சுவர் மோதின. அக்கா வாசற்படியிலேயே சரிந்து உட்கார்ந்துவிட்டாள்.

அத்தானுக்கு வாயில் எச்சில் வெள்ளமாக ஊறியது. துப்பினார். துண்டுகளைத் திருப்பினார். மறுபடி துப்பினார். சிவந்த கோழியை எடுத்து வைத்துவிட்டு, அதே கொழுப்பில் வெங்காயத்தையும் பூண்டையும் போட்டார். அது கண்ணாடி போல ஆனதும் கோழி, கிழங்கு, கேரட், மிளகு, உப்பு, தண்ணீர். மூடியைப் போட்டுத் தீயைக் குறைத்தார். பிறகு ஒரு மணி நேரம் அந்தக் குண்டானை விட்டு நகரவில்லை. கடைசியில் பாதிக் கிழங்கை அகப்பையால் நசுக்கிக் கலந்தார், சாறு கெட்டியாவதற்காக.

ருசி பார்ப்பது மகளின் வேலை. அவள் கரண்டியை வாயில் வைத்ததும் அத்தான் அவள் முகத்துக்கு அருகே குனிந்தார்.

"உப்பு?"

"சரியா இருக்குப்பா."

"எப்படி இருக்கு? நல்லா இருக்குன்னு சொல்லாத. எங்க தெரியுது, சொல்லு."

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். "மொதல்ல நாக்கு நுனியில இனிப்பா... கேரட். அப்புறம் ரெண்டு பக்கமும். மிளகு கடைசியில, தொண்டைக்குள்ள, இறங்கினப்புறம் சுடுது."

"இறங்கினப்புறமா?"

"ஆமாப்பா. போயிடுச்சுன்னு நெனச்சா பின்னாடியே வருது."

அத்தான் அவள் கழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே சின்னதாக ஒன்று மேலே ஏறி இறங்கியது. ஏதோ மலையே எழுந்து உட்கார்ந்ததைப் போல அவர் அதைப் பார்த்தார். பிறகு எங்கள் மூவரையும் மேசையில் உட்கார வைத்து, அவரே பரிமாறி, எதிரில் உட்கார்ந்தார். எங்களால் அவர் முன்னால் சாப்பிட முடியும் என்று நாங்கள் நினைக்கவில்லை. சாப்பிட்டோம். அவர் ஒவ்வொரு வாய்க்கும் கேள்வி கேட்டார். அன்றுதான் நான் வாழ்க்கையில் முதன்முறையாக, வாய்க்குள் இருப்பது என்ன என்று தெரிந்து சாப்பிட்டேன்.

அதன் பிறகு ஒவ்வொரு ஞாயிறும் இதுவே நடந்தது. பயிற்சிக்கார அம்மாவிடம் சொன்னோம். திட்டுவார் என்று நினைத்தால், "எச்சில் ஊறட்டும். ஊறினாத்தான் தொண்டைக்கு வேலை ஞாபகம் வரும்" என்றார்.

பதினோராவது ஞாயிறு. சாப்பிட்டு முடித்து அக்கா பாத்திரங்களை ஒதுக்கிக்கொண்டிருந்தாள். அடுக்களை ஜன்னலில் இருந்த டம்ளரைக் கழுவ எடுத்தவள் அப்படியே நின்றாள். என்னிடம் கொண்டு வந்து சாய்த்துக் காட்டினாள். உள்ளே ஒன்றுமில்லை. விரலை விட்டுப் பார்த்தேன். காய்ந்திருந்தது.

"நீ கழுவினியா?"

"இல்லக்கா."

மகளிடம் கேட்டாள். அவளும் இல்லை. அக்கா டம்ளரோடு அத்தானிடம் போனாள்.

"ஏங்க, காலையிலருந்து எச்சில எங்க துப்புனீங்க?"

"டம்ளர்லதான்..." என்று தொடங்கிய அத்தான் நிறுத்தினார். யோசித்தார். இரண்டு மணி நேரம் கோழி வாசனையில் உட்கார்ந்திருக்கிறார். வாய் ஊறாமல் இருந்திருக்காது. அவருடைய கை மெதுவாக எழுந்து தொண்டையைத் தொட்டது. வேண்டுமென்றே ஒருமுறை விழுங்கிப் பார்த்தார். வரவில்லை. இருமல்தான் வந்தது.

"யோசிச்சா வரல," என்றார் கண்ணீர் வழிய. "அப்போ யோசிக்காம இருந்தப்போ வந்திருக்கு. எனக்குத் தெரியாமயே வந்திருக்குடி!"

ஆஸ்பத்திரியில் மறுபடி எக்ஸ்ரே எடுத்தார்கள். அக்காவும் நானும் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று திரையைப் பார்த்தோம். அத்தானின் தாடை எலும்பு, கழுத்து எலும்பு எல்லாம் நிழலாகத் தெரிந்தன. படத்தில் தெரிவதற்கான ஒரு கெட்டிக் குழம்பைக் கரண்டியில் கொடுத்தார்கள். அது நாக்கின் மேல் கறுப்புப் பொட்டலமாக உட்கார்ந்திருந்தது. நெடுநேரம் அசையவில்லை. பிறகு ஒரே கணத்தில் எல்லாம் எழும்பின, மூடின, திறந்தன. கறுப்பு ஒரு நூலாக நீண்டு, மூச்சுக்குழாயை ஒட்டி, அதற்குள் போகாமல், பின்பக்கமாக வழுக்கி மறைந்தது. நான் அக்காவின் கையைப் பிடித்தேனா, அவள் என் கையைப் பிடித்தாளா, தெரியாது. கடலையும் மலையையும் பார்த்திருக்கிறேன். அந்த ஒரு நொடியைப் போல எதையும் பார்த்ததில்லை.

"சமையலாலதான் வந்துச்சா?" என்று அக்கா கேட்டாள்.

பயிற்சிக்கார அம்மா உதட்டைப் பிதுக்கினார். "சமையலாலயா, பயிற்சியாலயா, இல்ல நாள் போனதால மூளையே வேற வழி கண்டுபிடிச்சுதா, எனக்குத் தெரியாதும்மா. சத்தியமா தெரியாது. இத்தனை வருஷமா இந்த வேலை பாக்குறேன், ஒவ்வொரு தடவையும் வாயைப் பொளந்துக்கிட்டுத்தான் பாக்குறேன்."

நிபந்தனைகள் சொல்லி அனுப்பினார். தண்ணீர் கடைசியில்தான். முதலில் தேன் போலக் கெட்டியானது, கால் கரண்டி. தலையை வலப்பக்கம் திருப்பி, முகவாயை நெஞ்சோடு இறக்கிக்கொண்டு விழுங்க வேண்டும்.

அடுத்த ஞாயிறு அத்தான் வழக்கம்போல ஸ்டூ வைத்தார். அதில் கொஞ்சத்தை எடுத்து மசித்து, சல்லடையில் தேய்த்து இறக்கினார். இரண்டாம் முறையும் தேய்த்தார். ஒரு சிறிய கிண்ணத்தில் அது மஞ்சளாக, வழவழவென்று இருந்தது. மேசையில் நிமிர்ந்து உட்கார்ந்தார். கால் கரண்டி எடுத்தார். வாயை மூடினார்.

மூடிய வாயோடு வெகுநேரம் இருந்தார். வாய்க்குள் அது எங்கெல்லாம் போகிறது என்று அவர் பின்தொடர்ந்து போவது முகத்தில் தெரிந்தது. கண் ஓரங்கள் சுருங்கின. தலை வலப்பக்கம் திரும்பியது. முகவாய் இறங்கியது. நாங்கள் மூவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தோம். அவர் கழுத்தில் அது ஏறியது, ஒரு கணம் நின்றது, இறங்கியது. இருமல் வரவில்லை.

அத்தான் கண்ணைத் திறந்து எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார்.

"உப்பு கம்மி," என்றார்.

மகள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"கொஞ்ச நஞ்சம் இல்ல, ரொம்பவே கம்மி. இத்தனை வாரமும் இதையா சாப்பிட்டீங்க? ஏண்டி, நீதானே சரியா இருக்குன்னு சொன்ன!"

"நீங்க ஆசையா வச்சீங்களேன்னுப்பா..." என்றாள் மகள். அதற்குள் அக்கா சிரிக்க ஆரம்பித்துவிட்டாள். சிரிப்பு அழுகையாகி, மறுபடி சிரிப்பாகி, முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். அத்தான் உப்புப் போடச் சொல்லி, நன்றாகக் கலக்கி, இன்னும் ஆறு கால் கரண்டி சாப்பிட்டார். அதற்கு இருபத்தைந்து நிமிடம் ஆனது.

குழாயை எடுக்க மேலும் மூன்று மாதம் பிடித்தது. அத்தானின் நடை இன்னும் வலப்பக்கம்தான் இழுக்கிறது. மண்டியிட்டு டைல்ஸ் பதிக்க முடிவதில்லை. மற்றவர்கள் போடும் தரையைச் சரிபார்க்கும் வேலை கொடுத்திருக்கிறார்கள். இடது கைக்குச் சூடு திரும்பவில்லை. தண்ணீரை இன்றும் மடக் மடக்கென்று குடிக்க முடியாது. ஒவ்வொரு மிடறாக, தலையைத் திருப்பித் திருப்பித்தான். ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு முக்கால் மணி நேரம் ஆகும். நாங்கள் யாரும் நடுவில் எழுந்து போவதில்லை. அவர் எங்களிடம் கேட்டதையெல்லாம் இப்போது நாங்கள் அவரிடம் கேட்கிறோம்.

போன மழைக்காலத்தில் ஒரு ஞாயிறு, மசிக்காத ஸ்டூவைச் சாப்பிட அனுமதி கிடைத்தது. அத்தான் ஒரு கோழிக்காலைத் தட்டில் வைத்துக்கொண்டு, விரலால் சதையை நார் நாராகப் பிரித்து, ஒவ்வொரு நாரையும் பொறுமையாக மென்று இறக்கினார். வெளியே மழை விட்டு, மறுபடி பிடித்து, மறுபடி விட்டது. முடித்ததும் அந்த எலும்பைத் தட்டின் ஓரமாக வைத்தார். துடைத்தது போல வெள்ளையாக இருந்தது.

அக்கா எங்கள் தட்டுகளையெல்லாம் கழுவிக் கவிழ்த்தாள். அந்தத் தட்டை மட்டும் சாயங்காலம் வரை மேசையிலேயே விட்டு வைத்திருந்தாள்.